தொப்பி டூட்டி

நலக்குழு என்பது நலமாக இருக்கிறவர்கள் கூடி டீ சாப்பிடுவதற்கு ஏற்பட்டது. மற்றவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. சக்குபள்ளத்துக்கு மேலே இருந்த செம்பாறை ஏலத்தோட்டத்தில், புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று சொல்லி ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு நலக்குழு அமைத்தார்கள். ஆறு அங்கத்தினர், ஆறு நாற்காலி, ஆறு கிளாஸ். கூப்பிட்டு விசாரிக்கப்படுகிறவர்கள் நிற்பதற்கு வாசல்படிக்கு வெளியே ஒரு கோணிச் சாக்கு. அந்தச் சாக்கின் மேல் வேறு எவரையும் விட அதிக நேரம் நின்றவன் ஆசீர்வாதம். அவன் திருடவில்லை, குடித்துவிட்டுக் கங்காணியை அடிக்கவும் இல்லை. பழைய மோஸ்தர் தொப்பி ஒன்றைத் தினமும் தலையில் வைத்துக்கொண்டிருந்தான்.

அது அவன் தலைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்துக்கு முந்தி நிழல் மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். காற்று பலமாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று கங்காணி சொன்னார். காற்றா கிளை கழிக்கிறது, ஆள்தானே கழிக்கிறான் என்று அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை சொன்னார். அரை மணி நேரத்தில் ஒரு கிளையைக் காற்றே கழித்தது. அது கீழே நின்ற ஆசீர்வாதத்தின் உச்சந்தலையில் வந்து விழுந்தது. மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் மண்டையோட்டிலிருந்து ஓர் எலும்புச் சில்லை எடுத்துப் போட்டுவிட்டுத் தோலைத் தைத்து அனுப்பினார்கள்.

அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே துடிப்பது தெரியும். துண்டு கட்டினால் பொறுக்க முடியாத வலி. மழைச் சொட்டு விழுந்தால் கண் இருண்டுவிடும். வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் வாந்தி வரும். தோட்டத்து டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, தலையில் எதுவும் படக்கூடாது, தலை திறந்தும் இருக்கக்கூடாது என்று சொல்லி வைத்தியத்தை முடித்துக்கொண்டார்.

துரை இரக்கமுள்ளவர். நஷ்டஈடு என்ற வார்த்தையை யாராவது காகிதத்தில் எழுதுவதற்கு முன்னால் எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. யுத்தத்துக்கு முந்தி அவர் போட்டிருந்த நெட்டித் தொப்பி ஒன்று பங்களாவில் சும்மா கிடந்தது. காக்கித் துணி போர்த்தி, அகன்ற விளிம்பு வைத்த தொப்பி. உள்ளே ஒரு தோல்பட்டை நெற்றியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். உச்சந்தலைக்கும் தொப்பிக்கும் நடுவே நாலு விரல் இடம் காலியாக இருக்கும். வெள்ளைக்காரர்களே அந்த மோஸ்தரைக் கைவிட்டு வேறு தொப்பிக்கு மாறிவிட்டிருந்தார்கள். துரை அதை ஆசீர்வாதத்திடம் கொடுத்துத் தட்டிக்கொடுத்தார். நல்ல வேளையாகத் தோளில் தட்டினார்.

தொப்பி தலையைத் தொடாமல் தலையைக் காத்தது. அவன் மறுபடி வேலைக்கு வந்தான். காய்ச் சாக்கைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோகும் வேலை. வேலை இருந்தால்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வீடு. தொப்பி இருந்தால்தான் வேலை. அவனுக்கும் அவன் மனைவி இன்பமேரிக்கும் தலைக்கு மேல் கூரை இருந்தது அந்தத் தொப்பியால்தான்.

ஊருக்கு இது பொறுக்குமா? வெறுங்காலும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒருவன் துரைத் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தால் உலகத்துக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. குமுளி பஸ்ஸில் அவன் ஏறினால் முன் சீட்டில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தொப்பியைப் பார்த்து எழுந்தவர்கள் காலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கண்டக்டர் அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பும்போது, எழுந்து உட்கார்ந்த சிரமத்துக்கு எல்லோரும் அவனைக் கோபமாகப் பார்த்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வருகிற சாமியார், கோயிலுக்குள் ஆண்பிள்ளை தலையை மூடக்கூடாது என்றார். ஆகவே ஆசீர்வாதம் எட்டு வருஷம் வாசலுக்கு வெளியே நின்று பூசை கண்டான். இன்பமேரிக்கு ஓடைக்கரையில் துரைசானி என்று பேர் விழுந்தது. துரைசானி வருகிறாள், குடத்தை நகர்த்துங்கள் என்று பெண்கள் சொல்வார்கள், சிரிப்பார்கள், ஆனால் நகர்த்த மாட்டார்கள்.

அடுத்த வீட்டுச் சூசையப்பன் தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, துரை எழுந்தாயிற்றா என்று கேட்பான். பிறகு வந்து வெற்றிலை கொடுப்பான். அவன் கேலியில் விஷம் கிடையாது என்று ஆசீர்வாதம் நம்பினான். ஒன்றை மறைக்கக்கூடாது. கேலி பண்ணினாலும், பாதி ஜனம் தன்னைக் கண்டு ஒரு கணம் எழுந்து நிற்கிறதே, அது ஆசீர்வாதத்துக்கும் பிடித்திருந்தது.

அந்த ஒரு கணம் ஏலக்காட்டில் இன்னும் நீளமானது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணோடு ஒட்டிக் காய்க்கும். எடுக்கிறவர்கள் பள்ளத்தில் குந்தி உட்கார்ந்து தலையைத் தூருக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். பாதை மேட்டில் இருக்கும். அண்ணாந்து பார்த்தால் இலைகளுக்கு மேலே நகருகிற தொப்பி மட்டும் தெரியும். தொப்பிக்குக் கீழே ஆள் உண்டு என்பது ஊகம்தான். இரண்டு தலைமுறையாகத் தொப்பி தெரிந்தால் பேச்சு நிற்கும், வெற்றிலை கன்னத்தில் ஒதுங்கும், முதுகு இன்னும் கொஞ்சம் வளையும். ஆசீர்வாதம் சாக்கோடு போகும்போதும் அப்படியே நடந்தது. போவது ஆசீர்வாதம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது புத்திக்கு எட்டுவதற்குள் முதுகு வளைந்துவிடும். பிறகு சிரித்துக்கொள்வார்கள், அவனும் சிரிப்பான்.

துரை தோட்டத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். கம்பெனி ஒரு மானேஜரை அனுப்பியது. அவர் கதர்ச் சட்டை போட்டிருந்தார், தலையில் எதுவும் இல்லை, கையில் குடை. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற மைதானத்தில், எல்லோரையும் நிறுத்தி வைத்து முதல் பிரசங்கம் செய்தார்.

"சகோதரன்மாரே, இந்தத் தோட்டத்தில் இனிமேல் துரை என்று யாரும் கிடையாது. நானும் நீங்களும் சமம். இதை நீங்கள் மறந்துபோகாமல் இருக்க, தினமும் நான் வரும்போது எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டுச் சமத்துவத்தை அனுஷ்டிக்க வேண்டும்."

அனுஷ்டிக்க எல்லோருக்கும் சம்மதம்தான். ஆனால் அவரை அடையாளம் தெரிந்தால்தானே? இலைக்கு அடியிலிருந்து பார்த்தால் அவருடைய வெறுந்தலையும் சூசையப்பனின் வெறுந்தலையும் ஒன்றாகத்தான் இருந்தன. முதல் வாரத்தில் மூன்றாம் நம்பர் காட்டில் ஒரு பெண், நிமிராமலே, அண்ணாச்சி இந்தக் கூடையைக் கொஞ்சம் தூக்கிவிடும் என்றாள். மானேஜர் தூக்கிவிட்டார். அன்று சாயந்தரமே நலக்குழுவின் முதல் கூட்டம் அவசரமாகக் கூட்டப்பட்டது.

மானேஜர் தலைவர். ஹெட் ரைட்டர் செயலாளர். ஸ்டோர் சூப்பர்வைசரும் டிரஸ்ஸரும் அங்கத்தினர். தொழிலாளர் பிரதிநிதிகளாக மிக்கேல்ராஜும் செபமாலையம்மாளும். செபமாலையம்மாள் டீ கிளாஸைக் கையில் வாங்கினால் கூட்டம் முடியும்வரை கீழே வைக்க மாட்டாள், குடிக்கவும் மாட்டாள், வாய் திறக்கவும் மாட்டாள். மிக்கேல்ராஜ் அப்படியல்ல. பேசத் தெரிந்தவன், நாலெழுத்துப் படித்தவன், ஆசீர்வாதத்தின் சித்தி மகன். அவனைப் பிரதிநிதியாக்க வேண்டும் என்று லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டியவன் ஆசீர்வாதம். கதவைத் திறந்தவர்கள் தொப்பியைக் கண்டு சரி என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் சூப்பர்வைசர் ஓர் உண்மையை வெளியிட்டார். மானேஜர் ஐயா சுற்றுகிற காட்டில் காய் குறைகிறது. ஆசீர்வாதம் சாக்கோடு போகிற காட்டில் காய் கூடுகிறது. மானேஜர் நெடுநேரம் யோசித்தார். தொப்பி துரைத்தனத்தின் சின்னம், அதைத் தான் வெறுப்பதாகச் சொன்னார். வெறுக்கத்தக்க ஒன்று தோட்டத்தில் வீணாகக் கிடப்பதைவிட உபயோகப்படுவது தேசத்துக்கு நல்லது என்றும் சொன்னார். தொப்பியை ஐயாவே போட்டுக்கொள்ளலாமே என்று டிரஸ்ஸர் கேட்டதற்கு, தமக்குக் கொள்கை இருக்கிறது என்றார். தீர்மானம் நிறைவேறியது. ஆசீர்வாதம் இனிச் சாக்குச் சுமக்க வேண்டாம். காலையிலிருந்து மாலைவரை மூன்றாம் நம்பரிலிருந்து ஒன்பதாம் நம்பர்வரை மேட்டுப் பாதையில் நடந்தால் போதும். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, இருமுவதற்கு மட்டும் அனுமதி உண்டு.

அவனுக்குச் செருப்பு வேண்டாமா என்ற கேள்வி வந்தது. அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கால் இலைக்குக் கீழே இருப்பதால் தொழிலாளிக்குத் தெரியாது, தெரியாத உறுப்புக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆசீர்வாதம் சாக்கின் மேல் நின்று இதையெல்லாம் கேட்டான். ஒன்றும் விளங்கவில்லை. மிக்கேல்ராஜ் வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினான். "அண்ணே, நம்மாளு ஒருத்தன் தலையில தொப்பி இருக்கது நமக்குத்தான பெரும. நீங்க யாரையும் ஒண்ணும் சொல்லாதீக. சும்மா நடங்க. சுமையும் மிச்சம்."

சுமை மிச்சம் என்பது உண்மைதான். தோள் ஆறியது. லயத்தில் இதற்குத் தொப்பி டூட்டி என்று பேர் வைத்தார்கள். முதல் நாள் எல்லோரும் குனிந்தார்கள், பிறகு சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, உத்தரவு அப்படி. இரண்டாம் நாள் பாதிப்பேர் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தொப்பி போன பிறகும் முதுகு நிமிரவில்லை. சூசையப்பன் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பதை நிறுத்திக்கொண்டான். ஒருநாள் அவன் வீட்டுக்கு ஆசீர்வாதம் வெற்றிலை கேட்டுப் போனபோது, இல்லை என்றான். அவன் வாய் சிவந்திருந்தது.

இதற்கிடையில் நலக்குழு தொப்பியின் நலத்தில் தீவிரமாக இறங்கிவிட்டது. வேலை நேரம் முடிந்த பிறகும் ஆசீர்வாதம் அதை அணிவதால் தொப்பியின் மதிப்பு கெடுகிறது என்று ஹெட் ரைட்டர் கண்டுபிடித்தார். அவன் அதைப் போட்டுக்கொண்டு விறகு பொறுக்கியதை அவர் கண்ணால் கண்டார். ஆகவே மாலை ஐந்து மணிக்குத் தொப்பி ஆபீஸ் அலமாரியில் ஒப்படைக்கப்பட வேண்டும், காலை ஆறரைக்குக் கையெழுத்திட்டு வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தொப்பி தனக்குத் துரை கொடுத்தது என்று ஆசீர்வாதம் சொல்லிப் பார்த்தான். துரை தோட்டத்தை விற்றபோது அதில் உள்ள சகல சாமான்களோடும் விற்றார், பத்திரத்தில் சகல என்று இருக்கிறது என்று ரைட்டர் பதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நடக்க வேண்டியிருந்தால்? அதற்குச் சனிக்கிழமை மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மனுவில் காரணம் என்று ஒரு பத்தி உண்டு. ஆசீர்வாதம் அதில் மூன்று வாரம் தலை என்று எழுதினான். காரணம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவது வாரம் மிக்கேல்ராஜ் சொல்லிக்கொடுத்தபடி கம்பெனியின் கௌரவம் என்று எழுதினான். உடனே கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் கடுதாசி வந்தது. தோட்டங்களில் துரைத்தனக் காலத்து அடிமைப் பழக்கங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு லேபர் ஆபீசர் வருகிறார். மானேஜர் கடுதாசியை இரண்டு முறை படித்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அன்றைக்கு வாசல் சாக்கைக்கூட உள்ளே எடுத்துவிட்டார்கள். தீர்மானம் எழுதிய பக்கங்கள் பசை போட்டு ஒட்டப்பட்டன. தொப்பி டூட்டி என்று ஒன்று இந்தத் தோட்டத்தில் இருந்ததே இல்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. அப்படியானால் தொப்பியோடு ஒருவன் ஆறு மாதமாக மேட்டில் நடந்தானே, அவன் யார்? தன்னைத் துரை என்று காட்டிக்கொண்டு அப்பாவித் தொழிலாளிகளை மிரட்டியவன். அவனாக நடந்தான், யாரும் சொல்லவில்லை.

அதே வாரம் மழைக்காலக் கம்பிளி வந்தது. சட்டப்படி எல்லோருக்கும் கொடுக்க வேண்டிய கம்பிளிதான். மிக்கேல்ராஜ் ஒரு கையில் கம்பிளிக் கட்டும் மறு கையில் மைக்கட்டையுமாக லயம் லயமாகப் போனான். எந்தக் கதவுகளை ஆசீர்வாதம் அவனுக்காகத் தட்டினானோ அதே கதவுகள். ஆசீர்வாதம் துரை வேஷம் போட்டு எங்களை மிரட்டினான் என்று எழுதிய மனுவை வாசித்துக் காட்டிப் பெருவிரல் வாங்கினான். ஆசீர்வாதத்தின் வீட்டுக் கதவை மட்டும் அவன் இல்லாத நேரம் பார்த்துத் தட்டினான்.

ஆபீசர் வந்த அன்று பெரட்டுக் களத்தில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கும்போது தலையில் தொப்பி இருந்தது. அது வேறு தொப்பி, சர்க்கார் தொப்பி. களத்தில் குந்தியிருந்த ஜனம் முழுவதும் விருட்டென்று எழுந்து முதுகை வளைத்து நின்றது. நலக்குழுவும் நின்றது. மானேஜர் எல்லோரையும்விட அதிகமாக வளைந்தார். ஆபீசர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்கள், யாரும் சொல்லாமல் எழுந்து நிற்கிறார்கள். இது மரியாதை. பயந்து நின்றால் அது அடிமைத்தனம். இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியும்வரை நான் இப்படியே நிற்கத் தயார்."

அவர் உட்கார்ந்தார். மற்றவர்கள் புரியும்வரை நின்றார்கள்.

தொப்பி மேசைமேல் சாட்சிப் பொருளாக வைக்கப்பட்டது. ஆசீர்வாதம் வெறுந்தலையோடு வெயிலில் நின்றான். காலைப் பத்து மணி வெயில். அவனுக்கு மேசை இரண்டாகத் தெரிந்தது. மானேஜர் எழுந்து, இந்த மனிதன் மேல் தமக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை, ஆனால் சமத்துவத்தின் தலையில் ஒருவன் மிதிக்கும்போது நிர்வாகம் சும்மா இருக்க முடியாது என்றார். மிக்கேல்ராஜ் எழுந்து, தொழிலாளி வர்க்கத்திலிருந்தே தொழிலாளிக்கு எதிரி முளைப்பதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான். ஆசீர்வாதத்தைத் தாண்டிப் போகும்போது குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இது உங்க மேல உள்ள கோவம் இல்ல, இது தத்துவம்" என்றான்.

டிரஸ்ஸரை ஆசீர்வாதம் பார்த்தான். இந்தத் தலையின் கதையை அறிந்த ஒரே உத்தியோகஸ்தர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிரஸ்ஸர் ஆகாயத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆபீசர் மனுவைக் கையில் எடுத்துப் பேர்களை வாசித்தார். பேர் வாசிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக, ஆமாம் எசமான் என்றார்கள். முதல் பேர் சூசையப்பன். அவன் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னான். மூன்றாம் நம்பர் காடு முழுக்க ஆமாம் சொல்லியது. ஐந்தாம் நம்பர் சொல்லியது. செபமாலையம்மாள் அன்றுதான் பொதுவில் முதல் முறையாக வாயைத் திறந்தாள். அவளும் அதையே சொன்னாள். கடைசிப் பேரை வாசித்துவிட்டு ஆபீசர் காத்திருந்தார். பதில் வரவில்லை. இன்பமேரி என்பது யார் என்று மறுபடி கேட்டார்.

"எம் பெஞ்சாதிங்கய்யா" என்றான் ஆசீர்வாதம்.

ஆபீசர் ஹெட் ரைட்டரைப் பார்த்தார். கட்டின மனைவியே சாட்சி சொல்லியிருக்கும்போது மேல்விசாரணை அவசியமில்லை என்று எழுதி முடித்தார். தொழிலாளி தலையில் இனி இந்தச் சின்னம் இருக்கக்கூடாது. நிர்வாகம் அதைப் பத்திரமாக வைத்திருந்து தக்க காரியத்துக்கு உபயோகிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. பிறகு ஆறு கிளாஸோடு ஏழாவதும் வந்தது.

ஆசீர்வாதம் துண்டைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பந்தல் மாதிரி பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இன்பமேரி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதுக் கம்பிளி, பிரிக்காமல் கிடந்தது. அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். வாந்தி வரும்போல இருந்தது, வரவில்லை.

"மிக்கேல்ராஜ் கம்பிளிக்குன்னு சொல்லி வாங்கிட்டானா?" என்று கேட்டான். அப்படி இருந்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

"இல்ல. வாசிச்சுக் காட்டுனான். தெரிஞ்சுதான் வச்சேன்."

"தொப்பி போனா வேல போயிரும். வேல போனா இந்த வீடு போயிரும். அத நினைக்கலியா நீ?"

"நினைச்சேன். நினைச்சுட்டுத்தான் வச்சேன்." அவள் திரும்பவில்லை. "காட்டுல குனிஞ்சு கெடக்கேன். மேல தொப்பி போவுது. நீங்கதான்னு தெரியும். காலையில கஞ்சி ஊத்திக் குடுத்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் எம் முதுகு வளையுது. வாயில கெடக்க வெத்தலைய முழுங்கிருதேன். சாயந்தரம் வந்து சோறு போடுன்னு சொல்லுதீக. யாருக்குப் போடுதேன்னு எனக்கே தெரிய மாட்டேங்கு. ஒருநாளாவது அந்த மேட்டுல நின்னு, ஏளா, நான்தான்னு ஒரு வார்த்த சொன்னீகளா?"

பேசக்கூடாது என்று உத்தரவு என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆத்திரமும் இருந்தது. ஊர் முழுவதும் விரல் வைக்கட்டும், இவள் வைக்கலாமா என்று நெஞ்சு எரிந்தது. பாயில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. திங்கட்கிழமை காய் எடுக்க வராவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். இன்பமேரி பழைய காய்க்கூடையின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்தாள். அதைக் கவிழ்த்து, விளிம்பில் துணி சுற்றி, நெற்றியில் மட்டும் உட்காரும்படி உள்ளே ஒரு வளையம் கட்டினாள். மேலே புதுக் கம்பிளியைக் கிழித்துப் போர்த்தித் தைத்தாள். அவன் வைத்துப் பார்த்தான். தலையைத் தொடவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கலாமே என்று அவனுக்கும் தோன்றியது, அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவளோடு பேச அவனுக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை கூடைக் கவசத்தோடு நாலாம் நம்பர் காட்டில் பெண்களுக்கு நடுவே குந்தினான். யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. ஒருத்தி அவன் பக்கம் வெற்றிலையை நகர்த்தினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். பேச்சு மெல்ல ஆரம்பித்தது. நலக்குழு சனிக்கிழமை கூடி மேற்பார்வை உதவியாளர் என்று புதிதாக ஒரு வேலை ஏற்படுத்தியிருக்கிறதாம். மனுவில் முதல் விரல் வைத்தவன் என்பதாலும், உயரமானவன் என்பதாலும் அது சூசையப்பனுக்குக் கிடைத்திருக்கிறதாம்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றது. ஆசீர்வாதம் இலைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தான். மேட்டில் தொப்பி வந்துகொண்டிருந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அதைக் கீழேயிருந்து பார்க்கிறான். விளிம்பில் கிழிந்த இடத்தை இன்பமேரி கறுப்பு நூலால் தைத்திருந்தது நன்றாகத் தெரிந்தது. அதற்குக் கீழே இருப்பது சூசையப்பன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விடுகிறவன். எழுந்து நின்று, ஏலே சூசை, எந் தொப்பியக் கழத்துலே என்று ஒரு சத்தம் போட வேண்டும். செய்தி காதில் விழுந்த நிமிஷமே அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டான். நன்றாகத்தான் வந்தது.

தொப்பி நேராக அவனுக்கு மேலே வந்து நின்றது.

அவன் முதுகு வளைந்தது. வெற்றிலை கன்னத்தில் ஒதுங்கியது. இரண்டு கையும் தூருக்குள் காயைத் தேடிப் போயின. தொப்பி சற்று நேரம் நின்றது, ஒருமுறை இருமியது, பிறகு அடுத்த வரிசைக்குப் போயிற்று.

மிக்கேல்ராஜை நாலு பேரிடம் சொல்லித் திட்டலாம். சூசையப்பனை வழியில் மறித்துக் கேட்கலாம். இன்பமேரியோடு என்றைக்காவது ஒருநாள் பேசிக்கூட விடலாம். தன்னுடைய முதுகும் அவர்களோடு சேர்ந்து அந்த மனுவில் விரல் வைத்துவிட்டதை யாரிடம் போய்ச் சொல்வது என்று ஆசீர்வாதத்துக்குத் தெரியவில்லை. குனிந்தபடியே காய் எடுத்துக்கொண்டிருந்தான்.